கணிப்பொறிக்கும் வழி சொல்ல வேண்டும்

தாமிரவருணிக் கரையில் வாழும் நமக்கு மதகு என்றால் என்ன, கால் என்றால் என்ன என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து கால்கள் பிரிகின்றன. எந்த மதகு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த வயல் விளையும் என்பது அமைகிறது. உலகெங்கும் ஓடும் செய்திகளுக்கும் இவ்வாறே மதகுகளும் கால்களும் உண்டு. அவற்றைத் தொலைவில் இருந்தபடியே திறந்து மூடும் முறையைப் பற்றி இங்கே காண்போம்.

சர்வரும் அதன் வாசல்களும்

நாம் கைப்பேசியில் ஒரு படத்தையோ பாடத்தையோ கேட்கும்போது, அதை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். சென்னையில் அம்பத்தூர், அதன் தெற்கே சிறுசேரி போன்ற இடங்களில் சர்வர்களை அடுக்கடுக்காக வைத்த பெரிய கூடங்கள் இருக்கின்றன. கூட்டமாகச் சேர்ந்து வேலை செய்யும் சர்வர்களுள் ஒவ்வொன்றையும் 'நோடு' என்பர். தமிழில் முனை எனலாம்.

ஒரு முனைக்கு ஒரே வாசல் போதாது. மக்களுக்கு விடை அனுப்ப ஒன்று, சேமிப்புப் பெட்டிகளோடு பேச ஒன்று, பொறியாளர் உள்ளே வந்து மேற்பார்வையிட ஒன்று எனப் பல வாசல்கள் வைப்பது வழக்கம். இவ்வாசல்களே நெட்வொர்க் இடைமுகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி தரப்படும். அது 192.168.10.5 என்பது போல நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம்.

வழிப்பட்டியல்

வாசல் இருந்தால் மட்டும் போதுமா? எந்தச் செய்தியை எந்த வாசல் வழியே அனுப்புவது என்றும் தெரிய வேண்டுமல்லவா? இதற்கு அஞ்சல்துறையையே உவமையாகக் கொள்ளலாம். இந்தியாவில் பின்கோடு முறை 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. நம் விக்கிரமசிங்கபுரத்தின் எண் 627425. தில்லியில் கடிதம் பிரிப்பவருக்கு முதலில் நிற்கும் 6 என்ற எண் போதும். தெற்கே அனுப்பி விடுவார். 627 என்று பார்த்தால் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஆறு எண்களையும் பார்த்தால்தான் நம் அஞ்சலகம் புலப்படும்.

சர்வருக்குள்ளும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. "இன்ன எண்களில் தொடங்கும் முகவரிகளுக்கு இந்த வாசல், இந்த ரூட்டர்" என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், முன்னிருந்து அதிக நீளம் பொருந்துகிற வரியே வெல்லும். வேறெந்த வரியும் பொருந்தாத செய்திகளுக்கெல்லாம் பொதுவழி ஒன்று உண்டு. அதை 'டீஃபால்ட் ரூட்' என்பர். அந்த ஒரு வரி அழிந்தால், சர்வர் ஓடிக்கொண்டேயிருந்தும் தன் பக்கத்து வீடுகளைத் தவிர வெளியுலகை அடைய முடியாமல் நிற்கும்.

ஏ.பி.ஐ. என்பது என்ன?

முன்பெல்லாம் பொறியாளர் ஒவ்வொரு சர்வருக்குள்ளும் தனித்தனியே நுழைந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்வார். பத்துச் சர்வர்கள் என்றால் செய்துவிடலாம். ஆயிரம் என்றால் கை ஓய்ந்து போகும், பிழையும் நேரும். ஆகவே ஏ.பி.ஐ. என்னும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் வேலை கேட்பதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட படிவமே ஏ.பி.ஐ. வங்கியில் பணம் எடுக்க நாம் பெட்டக அறைக்குள் நுழைவதில்லை. சீட்டை நிரப்பிக் கொடுக்கிறோம். அதே போன்றதுதான் இதுவும்.

படிவம் வந்ததும் சர்வர் மூன்றைச் சரிபார்க்கும். கேட்பவர் யார்? இதைச் செய்ய அவருக்கு உரிமை உண்டா? படிவம் சரியாக நிரப்பப்பட்டுள்ளதா? மூன்றும் சரியானால்தான் முகவரி மாறும், வழி சேரும், அல்லது வாசல் மூடும். செய்து முடித்த செய்தியும் கேட்டவருக்குத் திரும்பி வரும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாற்றம் சர்வரின் நினைவில் மட்டும் நிகழ்ந்தால், மின்சாரம் போய் வந்தவுடன் மறைந்துவிடும். கோப்பிலும் எழுதி வைத்தால்தான் நிலைக்கும். இன்னொரு முறையில், படிப்படியாகக் கட்டளையிடாமல் "முடிவில் இப்படி இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். இருப்பதற்கும் வேண்டியதற்கும் உள்ள வேறுபாட்டை நிரலே கண்டு சரிசெய்து கொள்கிறது. சர்வர் கூட்டங்களை ஆளும் குபர்நெட்டீஸ் முறையோடு சேர்ந்து வேலை செய்யும் 'என்.எம்.ஸ்டேட்' என்னும் நிரல் இவ்வகையைச் சேர்ந்தது.

நுனிக்கொம்பில் அமர்ந்து அடிக்கொம்பை வெட்டலாமா?

இம்முறையில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. பொறியாளரின் கட்டளை எந்த வழியாகச் சர்வருக்குப் போகிறதோ, அந்த வழியையே அக்கட்டளை மூடிவிடக்கூடும். பிறகு "திறந்துவிடு" என்று சொல்லவும் வழியிராது.

இது வெறும் கற்பனையன்று. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இரவு, நம் நாட்டு நேரப்படி ஒன்பது மணியைத் தாண்டியதும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் உலகெங்கும் நின்றுபோயின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் சர்வர் கூடங்களை இணைக்கும் முதன்மை வழிகளைத் துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனை நிரலிலும் ஒரு பிழை இருந்தது. தொலைவிலிருந்து சரிசெய்யும் கருவிகளும் அதே வழிகளை நம்பியிருந்ததால் அவையும் பயன்படவில்லை. கடைசியில் ஆட்கள் நேரிலேயே கூடங்களுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. நிலைமை சீராக ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தையோ தமையனோ வாட்ஸ்அப்பில் பேசுவதை எதிர்பார்த்திருந்த எத்தனை வீடுகள் அன்றிரவு கலங்கியிருக்கும்!

காப்பு முறைகள்

இத்தகைய இடரைத் தவிர்க்க அறிஞர்கள் வழிகளைக் கண்டுள்ளனர். முதலாவது, தவணை வைத்து மாற்றுதல். மாற்றத்தைச் செய்தபின் "சரி" என்று குறித்த நேரத்திற்குள் உறுதி வராவிட்டால், சர்வர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். என்.எம்.ஸ்டேட் போன்றவை மாற்றியபின் வெளியே தொடர்பு கிடைக்கிறதா என்று சோதித்து, கிடைக்காவிட்டால் பின்வாங்கிக் கொள்கின்றன. இரண்டாவது, ஒரே நேரத்தில் எல்லா முனைகளையும் தொடாமல், ஒன்றில் செய்து பார்த்துப் பிறகு மற்றவற்றுக்குச் செல்லுதல். மூன்றாவது, மேற்பார்வைக்கென்று தனி வாசலும் தனி வழியும் வைத்தல். சர்வருக்குள் இருக்கும் சிறு துணைக் கணிப்பொறி ஒன்று இவ்வாசலைக் காக்கும். பெரிய கணிப்பொறி மயங்கிக் கிடந்தாலும் இது விழித்திருக்கும்.

தோழியரே! தேர்வு முடிவு, மருத்துவமனைப் பதிவு, வங்கிக் கணக்கு என நம் வாழ்வின் பல காரியங்கள் இன்று கண்ணுக்குத் தெரியாத இவ்வழிகளில் நடக்கின்றன. மதகைத் திறக்கும் லஸ்கர் கடைமடை வயலையும் எண்ணிப் பார்ப்பார். அதுபோல, ஒரு விசையைத் தட்டுமுன் அதன் மறுமுனையில் காத்திருப்பவரை எண்ணிப் பார்ப்பதே இத்தொழிலின் முதற்பாடம். கணிப்பொறித் துறையில் நாளை அடியெடுத்து வைக்கவிருக்கும் நாம், மாற்றுவதற்கு முன்பே திரும்பி வரும் வழியையும் வகுத்துக் கொள்ளும் நிதானத்தை இன்றே பழகுவோமாக!