அக்கியும் மறதியும்

மூணு வருஷத்துக்கு முன்னால் எங்க அப்பத்தாவுக்கு அக்கி வந்தது. வலது விலாவிலிருந்து முதுகு வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். அப்பா, பானை செய்யும் வேளார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், காவி குழைத்து அக்கி எழுதிக் கூட்டி வந்தார். கொப்புளம் ஆறியது. இப்போது அப்பத்தா என்னையே "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்கிறது. டாக்டர், இது மறதி நோய் என்றார். "அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல!" என்று அத்தை அப்பாவைத் திட்டுகிறார். அது உண்மையா என்று தேடிப் படித்தேன்.

நண்பர்களே, சின்னம்மை வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அது போய்விட்டது என்றுதானே நினைக்கிறோம்? போவதில்லை! அந்த வைரஸ் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஐம்பது, அறுபது வருஷம்கூடத் தூங்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்து, நரம்பு வழியே தோலுக்கு வரும். அதுதான் அக்கி. ஒரு பக்கமாகவே வருவதும் அதனால்தான்.

நரம்பில் குடியிருக்கும் வைரஸ் மூளையையும் கெடுக்குமா? தடுப்பூசி போட்டவர்களுக்கு மறதி குறைவு என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்கள் முதலிலிருந்தே உடம்பைக் கவனிக்கிறவர்களாக இருக்கலாமே!

இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸில் இதற்கு ஒரு வழி கிடைத்தது. அங்கே 2013 செப்டம்பர் 1 முதல் அக்கித் தடுப்பூசி போட்டார்கள். 1933 செப்டம்பர் 2-க்கு ஒரு நாள் முந்திப் பிறந்திருந்தாலும் ஊசி கிடையாது. பாவம்தான். ஆனால் ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்தவர்களுக்குள் வேறு என்ன பெரிய வித்தியாசம் இருக்கப்போகிறது? ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களுடைய 7 வருஷ மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டு, 2025-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஊசி போட்டவர்களுக்கு மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெண்களுக்குப் பலன் இன்னும் அதிகம். வைரஸை எழவிடாமல் செய்ததாலா, ஊசி எதிர்ப்புச் சக்தியையே உசுப்பிவிட்டதாலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஊசி போட்டவர்களிலும் மறதி வந்தவர்கள் உண்டு. அக்கி வந்த எல்லாருக்கும் மறதி வருவதுமில்லை. ஆகவே அப்பத்தாவுக்கு அக்கியால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. இதை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அப்பா திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஊசி நம்ம ஊர்ல உண்டா?" என்றார். வேல்ஸில் போட்டது பழைய வகை. புதிய வகை 2023 முதல் இந்தியாவிலும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடைக்கிறது, விலைதான் அதிகம். அப்பாவுக்கு வருகிற தை மாதம் 50 முடிகிறது.

- 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு