கல்லில் விழும் வெயில்

பயணமும் படமும் – 9

சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊர்களிலிருந்து பயணிகள் எடுத்து வரும் படங்களில் பல, நேரில் கண்ட உருவங்களின் திரட்சியை இழந்து, தட்டையான சாம்பல்நிறப் பாறையை மட்டுமே காட்டுகின்றன. இக்குறைக்குக் கேமராவின் மீது பழி போடுவதே வழக்கம் என்றாலும், சிற்பம் எத்திசை நோக்கி அமைந்துள்ளது, படம் எடுத்த வேளையில் சூரியன் எங்கே நின்றது என்னும் இரண்டும் கேமராவின் விலையைக் காட்டிலும் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ள மாமல்லபுரம் இதை விளக்க மிகவும் ஏற்ற ஊராகும்.

அங்கே அர்ச்சுனன் தபசு என்றும், பகீரதன் தபசு என்றும் இருவிதமாகப் பொருள்கொள்ளப்படும் பாறைச் சிற்பத் தொகுதி ஏறத்தாழ 90 அடி நீளத்துக்குக் கிழக்கு நோக்கி விரிந்து கிடக்கிறது. இது புடைப்புச் சிற்பம், அதாவது உருவங்கள் முழுவதுமாகப் பிரிந்து நிற்காமல் பின்னுள்ள பாறையோடு ஒட்டியபடியே செதுக்கப்பட்டவை. இத்தகைய சிற்பத்தில் உருவத்தின் மேடுபள்ளங்களைக் கண்ணுக்கு உணர்த்துவது நிழல் ஒன்றே என்பதால், நிழல் விழாத வேளையில் எடுக்கும் படத்தில் தவமிருப்பவரின் விலா எலும்புகளும், யானையின் அருகே ஒற்றைக்காலில் தவக்கோலம் பூண்டு நிற்கும் பூனையும் பாறையோடு பாறையாகக் கரைந்துவிடுகின்றன.

விடியற்காலை வெயிலே படத்துக்குச் சிறந்தது என்னும் பரவலான அறிவுரை இங்கே பொருந்தாமல் போவதற்கும் இதுவே காரணம். காலையில் எழும் சூரியன் கிழக்கு நோக்கிய பாறைக்கு ஏறக்குறைய நேரெதிரே நிற்பதால், வெளிச்சம் சிற்பத்தின் முகத்தில் நேராக விழ, நிழல்கள் உருவங்களுக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் நகர்ந்து உச்சியை நெருங்க நெருங்க, வெயில் பாறையின் முகத்தை மேலிருந்து உராய்ந்தாற்போல் இறங்கத் தொடங்குகிறது. உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு, அதாவது முற்பகல் பதினொரு மணியளவில், கதிர்களுக்கும் பாறை முகத்துக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 15 பாகையாகக் குறைந்து, சிறு புடைப்பும் தன் உயரத்தைப் போல் சில மடங்கு நீளமான நிழலை வீழ்த்துகிறது. தபசுப் பாறைக்குரிய நல்ல வேளை, பெரும்பாலான பயணிகள் வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடும் அந்த நேரமே ஆகும். பிற்பகலில் பாறை முழுவதும் தன் நிழலிலேயே அடங்கிவிடுவதால் சிற்பத்தின் ஆழம் குறைந்தாலும், கண் கூசாத அந்தச் சீரான வெளிச்சம் பாறைக்கு முன் நிற்கும் மனிதர்களின் முகங்களைப் படமெடுக்க உதவுகிறது.

கடலோரத்தில் உள்ள கடற்கரைக் கோயிலுக்கு நிலைமை வேறு. எல்லாப் பக்கமும் வெளி சூழ்ந்த அக்கோயிலின் விமானத்தை ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாகப் பிரித்துக் காட்டுவதற்குத் தாழ்ந்த சூரியனே தேவைப்படுகிறது. சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கையில் அதன் கதிர்கள் அதிகமான காற்றைக் கடந்து வருவதால் நீல ஒளி வழியிலேயே சிதறிவிட, எஞ்சும் பொன்னிறம் கல்லில் படிகிறது. குளிர்நாடுகளில் சூரியன் சாய்வாக எழுவதால் இவ்வொளி நெடுநேரம் நீடிக்கும். வட அட்சம் 12.6 பாகையில் உள்ள மாமல்லபுரத்திலோ சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி, உதித்த ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் 6 பாகை உயரத்தை எட்டிவிடுகிறது. எனவே பிற நாட்டுக் கையேடுகள் சொல்லும் ஒரு மணி நேரப் பொன்னொளியை நம்பித் தாமதமாகச் செல்பவர் அதைத் தவறவிட நேரும்.

பருவமும் இக்கணக்கில் சேர்கிறது. தட்சிணாயனத்தின் முடிவில், மார்கழி மாதத்தில், சூரியன் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே விலகி எழுவதால், தபசுப் பாறையைப் பார்த்து நிற்பவருக்கு வெயில் இடப்புறத்திலிருந்து வருகிறது. ஆனி மாதத்தில் அதே வெயில் வலப்புறத்திலிருந்து வரும். சித்திரையிலும் ஆவணியிலும் சில நாட்கள் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்க, இவ்வூரின் ஐந்து ரதங்கள் என்னும் கற்கோயில்களின் கூரை விளிம்புகளுக்குக் கீழுள்ள மாடச் சிற்பங்கள் கருநிழலில் மூழ்கிவிடுகின்றன.

வெயிலை அறிந்த பிறகு கேமராவுக்குரிய வேலை இரண்டே. முதலாவது எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் சேரும் வெளிச்சத்தின் அளவு. வானம் கல்லைவிடப் பன்மடங்கு பிரகாசமாக இருப்பதால், செல்பேசி வானத்துக்கு ஏற்ப அளவைக் குறைத்துக் கல்லைக் கருக்கிவிடக்கூடும். திரையில் சிற்பத்தைத் தொட்டு அளவை நிலைநிறுத்திவிட்டு, சட்டகத்தில் வானத்தின் பங்கைச் சுருக்குவது அதற்குத் தீர்வாகும். இரண்டாவது, கேமராவைச் சாய்க்காமல் பிடிப்பது. ஐந்து ரதங்களுள் ஒன்றான தர்மராஜ ரதத்தை அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் அதன் செங்குத்துக் கோடுகள் மேலே குவிந்து, ரதம் பின்னால் சாய்வதுபோல் தோன்றும். சில அடிகள் பின்வாங்கி, லென்ஸை இரு மடங்கு நெருக்கி எடுத்தால் அக்குறை பெரிதும் நீங்கும்.

இந்த ஒழுங்கு புதியதன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக்கினார். மெழுகூட்டிய காகிதத்தை நெகட்டிவாகக் கொண்டு, நொடியில் படமெடுக்கும் வசதி ஏதுமின்றி உழைத்த அவருக்கு, கல்லின் முன் எங்கே நிற்பது, எப்போது நிற்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யாமல் அப்பணி கைகூடியிருக்காது. இன்றைய பயணியின் செல்பேசியிலோ திசைகாட்டியும் இருக்கிறது, சூரியன் உதிக்கும் நேரமும் இருக்கிறது; ஊருக்குப் புறப்படும் முன் அவ்விரண்டையும் பார்த்து, எந்தச் சிற்பத்தை எந்த வேளைக்கு ஒதுக்குவது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வதே படம் எடுப்பதன் முதற்படி. பின்னாலிருந்து வரும் ஒளியில் கோயிலும் மனிதரும் கருவுருவாக மாறும் விதம் அடுத்த பகுதியின் பொருளாகும்.

(தொடரும்)