வண்டியில் வைத்த துப்பாக்கி களவு போனால்

காட்டோரங்களில் நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரருக்கு வேட்டைத் துப்பாக்கி, மண்வெட்டியையும் கத்தியையும் போல ஒரு தொழிற்கருவியாகும். கதிர் பால் பிடிக்கும் பருவத்திலே காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓர் இரவு வயலிற் புகுந்தால், அது தின்பதிலும் பார்க்க உழக்கிச் சாய்ப்பதே கூடுதலாக இருக்கும். சோளம், மரவள்ளி, வற்றாளை, பூசணி என்பன செய்வோர் படும் பாடும் அதுவே. பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டுக் கமக்காரருக்குத் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் வழங்கப்படுவது இக்காரணம் பற்றியே.

எனினும் மண்வெட்டிக்கும் துவக்குக்கும் ஒரு பெரு வேற்றுமை உண்டு. மண்வெட்டி களவு போனால் நட்டம் உடையவருக்கு மட்டுமே. துவக்குக் களவு போனால் யாருக்கு நட்டம் வருமென்று எவராலும் சொல்ல முடியாது. அது கள்ள வேட்டைக்காரன் கைக்குப் போகலாம். குழல் அறுக்கப்பட்டுக் கொள்ளைக்காரன் கைக்குப் போகலாம். காட்டுப் பாதையிற் கட்டுத்துவக்காக வைக்கப்பட்டு, விறகுக்குப் போன ஒருவரின் காலைத் துளைக்கலாம். 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போதும் 1987 முதல் 1989 வரையான குழப்ப காலத்திலும் தென்பகுதிக் கிராம வீடுகளிலிருந்து கவர்ந்து செல்லப்பட்ட வேட்டைத் துப்பாக்கிகள் எதற்குப் பயன்பட்டன என்பதை இந்நாட்டு மக்கள் அறிவர்.

களவு நிகழும் விதம்

வீட்டிலுள்ள துப்பாக்கியை எடுப்பதற்குக் கள்ளன் வேலியைத் தாண்ட வேண்டும், நாயைத் தாண்ட வேண்டும், பூட்டையும் உடைக்க வேண்டும். வண்டியிலுள்ளதை எடுப்பதற்கு ஒரு கண்ணாடியை உடைத்தாற் போதும். உழவு இயந்திரத்தின் பெட்டியாயின் அதுவும் வேண்டியதில்லை; சாக்கைத் தூக்கிப் பார்த்தாலே போதும்.

வவுனியாப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரவு முழுவதும் பரணிலிருந்து காவல் காத்தவர், விடியுமுன் கத்தரிக்காயையும் பூசணியையும் சிறிய லொறியில் ஏற்றுகிறார். வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை வைத்துவிட்டு வர அரை மணி நேரம் செல்லும். நேரம் பிந்தினால் விலை இறங்கிவிடும் என்னும் எண்ணத்தால், துப்பாக்கியை இருக்கையின் பின்னே சாக்கினால் மூடி வைத்துவிட்டுக் கண்டி வீதி வழியே தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் புறப்படுகிறார். அங்கே பல மாவட்டத்து லொறிகளும், பல ஊர் ஆட்களும். மூட்டை இறக்குதல், நிறுத்தல், விலை பேசுதல், ஒரு தேநீர் குடித்தல் என ஒன்றரை மணி நேரம் கழிகின்றது. திரும்பி வந்து பார்க்கையிற் சாக்கு இருக்கின்றது. துப்பாக்கியும் தோட்டாப் பெட்டியும் இல்லை.

இதுவரை நிகழ்ந்தது கவலையீனம். இதன் பின் அவர் செய்வதே பெரும்பிழை. வெட்கமும் அச்சமும் அவரைப் பிடித்துக்கொள்கின்றன. வண்டியில் விட்டுப் போனதாகச் சொன்னால் அனுமதிப்பத்திரம் பறிபோகுமோ, வழக்கு வருமோ என்று எண்ணுகிறார். பக்கத்து லொறிக்காரரிடம் மெதுவாக விசாரிக்கிறார். பின் பேசாமல் ஊர் திரும்புகிறார். இரண்டு நாள் மனைவிக்குங் கூடச் சொல்வதில்லை. மூன்றாம் நாள், வீட்டிலிருந்து களவு போனதாக ஊர்ப் பொலிஸில் முறைப்பாடு செய்யலாமா என்று உறவினர் ஒருவரிடம் யோசனை கேட்கிறார்.

அந்த மூன்று நாளிலும் துப்பாக்கி எத்தனையோ கை மாறியிருக்கும். சந்தையிலுள்ள கண்காணிப்புக் கமராவில் பதிந்த படம், பழையதன் மேற் புதியது பதியும் வழக்கப்படி, அழிந்தும் போயிருக்கலாம். இடையில் அத்துப்பாக்கியினால் ஒரு குற்றம் நிகழ்ந்து, அதன் இலக்கம் கண்டுபிடிக்கப்பட்டால், பொலிஸார் முதலில் வந்து நிற்பது அவர் வாசலிலேயே. களவு போயிற்று என்று அன்று அவர் சொல்லும் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்? பொய்யான முறைப்பாடோ தனிக் குற்றமாகும். களவு நடந்த இடத்தை மாற்றிச் சொல்வதனாற் பொலிஸார் வவுனியாவிலே தேட, கள்ளன் தம்புள்ளையிலே ஆறுதலாக இருப்பான்.

கண்டவுடன் செய்ய வேண்டியவை

வண்டியை அந்த இடத்தை விட்டு நகர்த்தலாகாது. கதவின் பிடியையும் உடைந்த கண்ணாடியையும் சாக்கையும் தொடாது விடுதல் வேண்டும். விரலடையாளம் அங்கேதான் இருக்கும். பதற்றத்திலே எல்லாவற்றையும் கிளறித் தேடுவது இயல்பே எனினும், அது கள்ளனுக்கே உதவி செய்யும். ஒருவரை வண்டியருகே நிறுத்திவிட்டு உடனே 119 என்னும் பொலிஸ் அவசர இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தல் வேண்டும். அல்லது, களவு நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்துக்குச் செல்லுதல் வேண்டும். சொந்த ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்குப் பின்னர் அறிவிக்கலாம். சந்தைக் காவலாளியிடமும் அண்டைக் கடைக்காரரிடமும் அன்றைய கமராப் பதிவை அழியாது வைத்திருக்கும்படி அப்போதே கேட்டுக்கொள்ளுதல் நன்று. சந்தேகமானவன் எவனும் கண்ணிற் பட்டாலும் தாமே துரத்திப் பிடிக்க முயலுதல் கூடாது. அவன் கையில் இருப்பது தோட்டாவோடு கூடிய துப்பாக்கி.

முறைப்பாட்டிலே துப்பாக்கியின் இலக்கம், செய்தவர் பெயர், குழல் ஒன்றோ இரண்டோ என்பது, போர் அளவு, கட்டையிலுள்ள வெடிப்பு அல்லது வேறு அடையாளம், அனுமதிப்பத்திர இலக்கம், களவு போன தோட்டாக்களின் தொகை என்பன வரவேண்டும். கமக்காரர் பலர் தம் துப்பாக்கி 12 போர் என்று சொல்வரேயன்றி அதன் இலக்கத்தை அறியார். (ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை அக்குழலின் விட்டத்துக்குச் சரியாயிருக்கும் என்பதே அந்தப் பன்னிரண்டின் பொருள், அவ்வளவுள்ள துப்பாக்கிகள் எண்ணிறந்தன.) துப்பாக்கியை இனங்காட்டுவது அதிற் பொறித்த இலக்கமே. அது பெரும்பாலும் குழலின் அடிப்பகுதியிலும் விசைப் பகுதியிலும் காணப்படும். இதனை வாசிக்கும் கமக்காரர் இன்றே அதனைப் பார்த்து, வீட்டுக் கொப்பியொன்றில் எழுதி வைத்தல் நன்று. கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்தாலும் தகும்.

அனுமதிப்பத்திரத்தைத் துப்பாக்கியோடு வண்டியில் வைப்பதும் ஒரு தவறான வழக்கம். இரண்டும் ஒன்றாகவே போய்விடும். துப்பாக்கியைக் கொண்டு செல்லுகையில் அனுமதிப்பத்திரம் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அதன் பிரதியொன்று வீட்டில் இருக்க வேண்டும்.

தமிழ்க் கமக்காரர் சிங்களப் பகுதியொன்றில் முறைப்பாடு செய்ய நேர்ந்தால் மொழி பற்றிக் கலங்க வேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. அரச அதிகாரிகளோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை யாவர்க்கும் உண்டு. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், கையொப்பமிடுமுன் அதனைத் தமிழில் வாசித்து விளக்கும்படி கேட்க வேண்டும். இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சரி பார்க்க வேண்டும். துப்பாக்கி இலக்கத்தில் ஓர் எண் பிசகினால் முறைப்பாடு செய்தும் செய்யாததற்கே ஒப்பாகும். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுதிப் பெற்றுக்கொண்டே நிலையத்தை விட்டு வருதல் வேண்டும்.

அடுத்து, அனுமதிப்பத்திரம் வழங்கிய அதிகாரிக்குக் காலதாமதமின்றி எழுத்தில் அறிவித்தல் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிகளுக்கு இவ்வதிகாரி மாவட்டச் செயலாளராவார். கிராம அலுவலருக்கும் அறிவித்தல் தகும். கவலையீனத்தின் பொருட்டு அதிகாரி வினாவக்கூடும். அனுமதி பற்றி மீள ஆராயவும் கூடும். அதற்கு அஞ்சி மறைப்பவர் சிறிய தீங்கைத் தவிர்க்கப் போய்ப் பெரிய தீங்கினுள் விழுகிறார். உடனே உண்மை சொன்னவர் என்பதே அவருக்குச் சார்பாக நிற்கும் முதற் சான்று.

வராமற் காத்தல்

வண்டி துப்பாக்கி வைக்கும் இடமன்று. இருக்கையின் பின்புறமும், சாக்கின் அடியும், உரமூட்டைகளின் நடுவும் மறைவிடம் என்று உடையவர் நினைக்கிறார். கள்ளன் முதலிற் பார்க்கும் இடமும் அவையே. காவலிலிருந்து வருபவர் முதலில் வீட்டுக்கே வருதல் வேண்டும். துப்பாக்கியைப் பூட்டி வைத்த பின்னரே மரக்கறி ஏற்றுதல் வேண்டும். அரை மணி நேரம் பிந்துவதாற் சில ரூபாய் குறையலாம். குறையட்டும்.

வழியிலே வண்டியை நிறுத்த நேர்ந்தால், அனுமதிப்பத்திரம் உடையவர் வண்டியை விட்டு இறங்காது மற்றவரை அனுப்பலாம். அதற்கு மாறாக, துப்பாக்கியைச் சாரதியிடமோ தேநீர்க் கடைக்காரரிடமோ கொடுத்துவிட்டுப் போதல் கூடாது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருத்தல் குற்றமாகும். நல்லெண்ணத்தோடு வாங்கி வைத்தவரும் அதில் அகப்படுவார்.

துப்பாக்கியை வண்டியிற் கொண்டு செல்லும்போது தோட்டாவைக் கழற்றிவிடுதல் வேண்டும். மடித்துத் திறக்கும் துப்பாக்கியாயின் முன்கட்டையைக் கழற்றிக் குழலையும் பிற்கட்டையையும் வேறாக்கலாம். வீட்டிலும் அவ்வாறே இரண்டையும் இரு வேறு பூட்டுகளில் வைத்தால், ஒன்று களவு போனாலும் மற்றது இன்றி அது பயன்படாது. தோட்டாக்கள் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். திறப்பு சுவரிலுள்ள ஆணியிலன்றி உடையவரின் இடுப்பில் இருக்கட்டும். வீட்டுப் பிள்ளைகளின் பொருட்டும் இது வேண்டும்.

துப்பாக்கி இல்லாத இரவுகள்

களவு போனதற்கு ஈடாகப் புதுத் துப்பாக்கி உடனே கிடைக்கும் என எதிர்பார்க்க முடியாது. பன்றியோ காத்திருப்பதில்லை. அயல் வயற்காரரோடு முறை வைத்துக் காவலிருத்தலும், வயலோரப் பற்றைகளை வெட்டி வெளியாக்குதலும், முள்வேலியின் அடியைப் பன்றி நுழையாவண்ணம் அடைத்தலும் உடனே செய்யக்கூடியவை. அனுமதிப்பத்திரமுள்ள அயலவர் ஒருவர் தம் துப்பாக்கியோடு தாமே வந்து காவலுக்கு உதவலாம். அதனை இரவல் வாங்குதல் கூடாது. ஆத்திரத்தினால் வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்குப் பாய்ச்சுவோரும் கட்டுத்துவக்கு வைப்போரும் உளர். இவ்விரண்டும் சட்டவிரோதமானவை, பன்றிக்கு வைத்ததில் மனிதர் மாண்ட செய்தி ஆண்டுதோறும் கேட்கப்படுவது.

களவு போன துப்பாக்கி பொலிஸாரிடம் அகப்பட்டால் அது நேரே உடையவர் கைக்கு வராது. வழக்கின் சான்றுப் பொருளாக நீதிமன்றின் பொறுப்பில் இருக்கும். நீதவானின் கட்டளை பெற்றே அதனை மீட்கலாம். இதற்கிடையில் ஆண்டு முடிவும் வரும். துப்பாக்கி அனுமதிப்பத்திரங்கள் டிசெம்பர் 31 ஆம் திகதியோடு காலாவதியாகின்றன. புதுப்பித்தல் ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்குகின்றது. அது பெரும்போக விதைப்புக் காலமாதலாற் பலர் மறந்துவிடுவர். துப்பாக்கி கையில் இல்லையென்று பேசாதிருந்துவிடாமல், முறைப்பாட்டின் பிரதியோடு மாவட்டச் செயலகத்துக்குச் சென்று தம் நிலையைப் பதிவு செய்து வருதல் வேண்டும்.