டயரை மாற்றும் நாள் எது?

ஆவடி விமானப்படை நிலையத்தை ஒட்டி இருக்கும் ஊர் முத்தாபுதுப்பேட்டை. அங்கே வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு செப்டம்பர் மாத நடுவில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“சார், முன்பக்க டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஆனாலும் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது; பிரேக்கும் பிடிக்கிறது. தீபாவளிச் சவாரி முடிந்ததும் மாற்றினால் போதாதா?”

இரண்டு டயர் வாங்க எட்டாயிரம் ரூபாய் வேண்டும். தினமும் ஓடினால்தான் வருமானம் என்னும் குடும்பத்தில் அது பெரிய தொகை. எனவே கேள்வியில் நியாயம் உண்டு. விடையை ஊகத்தால் சொல்லாமல் இயற்பியலைக் கொண்டு காண்போமா?

உலர்ந்த சாலை சொல்லும் சாட்சி

புது டயரின் மேற்பரப்பில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளங்கள் இருக்கும். இந்தப் பள்ளமும் மேடும் சேர்ந்த வடிவத்தைத்தான் ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்கிறார்கள். தரையைப் பற்றிக்கொள்வதற்காகவே பட்டன் இருக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று. பந்தயக் கார்களைப் பாருங்கள். உலர்ந்த பாதையில் அவை பள்ளமே இல்லாத வழவழப்பான டயர்களில்தான் பாய்கின்றன. மழை வந்தால் மட்டுமே பள்ளமுள்ள டயருக்கு மாறுகின்றன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உலர்ந்த சாலையில் தேய்ந்த டயரும் நன்றாகவே பிரேக் பிடிக்கும். ஆகவே “இன்றைக்குப் பிரேக் பிடிக்கிறது” என்பது மழை நாளுக்குச் சாட்சியாகாது.

தேய்வு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்வதும் ஒரு காரணம். நண்பரின் டயர்கள் 36,000 கிலோமீட்டர் ஓடியிருந்தன. டயரின் சுற்றளவு 1.7 மீட்டர் என்றால் அவை 2 கோடிக்கும் அதிகமான சுற்றுகள் சுற்றியிருக்கும். அத்தனை சுற்றுகளில் குறைந்தது 6 மில்லிமீட்டருக்கும் குறைவான ரப்பர். வகுத்துப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு அணுக்களின் பருமன்தான் தேய்கிறது! நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாட்டை எந்த ஓட்டுநரால் உணர முடியும்?

அஞ்சலட்டை அளவு இடம்

பயணிகளோடு சேர்த்து ஒரு காரின் நிறை 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் 250 கிலோகிராம் சுமக்கிறது. அதாவது ஏறத்தாழ 2,450 நியூட்டன் விசை. டயரில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. இது 2,07,000 பாஸ்கலுக்குச் சமம். விசையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. விடை ஏறத்தாழ 120 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையின் பரப்பும் ஏறக்குறைய இதுதான்!

இந்த இடம் 15 சென்டிமீட்டர் அகலமும் 8 சென்டிமீட்டர் நீளமும் உடையது எனலாம். சாலையில் 2 மில்லிமீட்டர் உயரம் மழைநீர் நிற்கிறது. கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 1,667 சென்டிமீட்டர் வீதம் செல்கிறது. ஒரு டயர் ஒரு விநாடியில் விலக்க வேண்டிய நீர் எவ்வளவு?

15 × 0.2 × 1,667 = 5,000 கன சென்டிமீட்டர்.

ஐந்து லிட்டர்! பதினைந்து லிட்டர் கொள்ளும் ஒரு குடத்து நீரை மூன்றே விநாடிகளில் ஒதுக்கித் தள்ள வேண்டும். டயரின் எந்த ஒரு பகுதியும் தரையைத் தொட்டிருக்கும் நேரமோ விநாடியில் இருநூறில் ஒரு பங்குதான். அதற்குள் நீர் வெளியேற வழி வேண்டும். பட்டனில் உள்ள பள்ளங்கள்தாம் அந்த வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குவதுபோல, பள்ளம் தேய்ந்தால் டயருக்கடியில் நீர் தேங்கும்.

கார் மிதக்குமா?

வேகமாக வந்து மோதும் நீர் டயரை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்த நீரின் அழுத்தம் ½ρv². இது டயரின் காற்றழுத்தத்துக்குச் சமமாகும்போது சக்கரம் தரையை விட்டு நீர்ப்படலத்தின்மேல் ஏறிவிடும். 2,07,000 பாஸ்கலை இச்சமன்பாட்டில் இட்டால் v ஏறத்தாழ விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 73 கிலோமீட்டர் என்று வருகிறது.

இது எளிய கணக்கு. ஈரமான ஓடுபாதையில் இறங்கும் விமானங்களுக்காக அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதனை விரிவாக ஆராய்ந்தது. ஹார்ன், டிரெஹர் ஆகிய இருவரின் அறிக்கை 1963-ஆம் ஆண்டு வெளிவந்தது. பள்ளங்களால் விலக்க முடியாத அளவு நீர் நிற்கும்போது, காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் கிடைக்கும் என்று அவர்களின் சூத்திரம் கூறுகிறது. அழுத்தம் பவுண்டிலும் வேகம் மணிக்குக் கிலோமீட்டரிலும் இருக்க வேண்டும். 30 பவுண்டுக்கு விடை 91 கிலோமீட்டர். காற்று இறங்கி 20 பவுண்டானால் வெறும் 75 கிலோமீட்டர்!

சக்கரம் மிதந்துவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை அழுத்தினாலும் நிற்காது. முழுவதும் மிதப்பதற்கு முன்பே பிடிப்பு படிப்படியாகக் குறைந்துகொண்டு வரும். நண்பர் அடிக்கடி செல்வது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. அங்கே இந்த வேகங்கள் அரிதல்ல.

வெர்னியர் கூறிய விடை

நான் கல்லூரியிலிருந்து ஒரு வெர்னியர் அளவியைக் கொண்டுபோனேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் நண்பரின் மகள் அதன் பின்முனையில் வால்போல் நீளும் தண்டைப் பள்ளத்தில் இறக்கி அளந்தாள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று பல இடங்களில் அளந்துவிட்டு, “சராசரி எடுக்கட்டுமா, மாமா?” என்று கேட்டாள்.

ஆய்வகத்தில் சராசரி எடுப்பது சரி. இங்கே அது கூடாது. மிகவும் தேய்ந்த இடமே முதலில் கைவிடும். எனவே மிகச் சிறிய அளவைத்தான் கொள்ள வேண்டும். அது 2.2 மில்லிமீட்டர். பின்சக்கரங்களில் 4 மில்லிமீட்டர் இருந்தது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 94-ஆம் விதி, கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே இருக்கும் சிறு மேடு இந்த எல்லையைக் காட்டும். பட்டன் தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

“இன்னும் 0.6 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறதே!” என்றார் நண்பர். கணக்கிட்டோம். 5.8 மில்லிமீட்டர் தேய 36,000 கிலோமீட்டர். ஒரே சீராகத் தேய்வதாகக் கொண்டால் 0.6 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். நாளுக்கு 100 கிலோமீட்டர் வீதம் 37 நாட்கள். அதாவது, அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குப் பின். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான்! அடைமழை பிடிக்கும் நாளில் அந்த டயர்கள் மிகவும் தேய்ந்த நிலையில் இருந்திருக்கும்.

முன்னதாகவே மாற்றினால் இழப்பு எவ்வளவு? பயன்படக்கூடிய 6.4 மில்லிமீட்டரில் 0.6 மட்டுமே வீண். 4,000 ரூபாய் டயரில் அதன் மதிப்பு 375 ரூபாய், இரண்டுக்கும் 750. நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த வாரமே டயர்களை மாற்றிவிட்டார்.

புது டயர் எந்தப் பக்கம்?

புது டயர்களை முன்னால் மாட்டச் சொன்னார் அவர். நான் பின்னால் மாட்டச் சொன்னேன். பழைய பின்டயர்களை முன்னால் கொண்டுவரச் செய்தேன். முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போக முயலும். வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரம்போல் சுழன்றுவிடும். அதைச் சமாளிப்பது மிகக் கடினம்.

பட்டன் நிறைய இருந்தும் மாற்ற வேண்டிய டயர்கள் உண்டு. பக்கச்சுவரில் புடைப்பு இருந்தாலோ, உள்நூல் தெரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். ரப்பர் வளையத்தை நெடுநாள் அலமாரியில் வைத்திருந்தால் இழுத்தவுடன் அறுந்துவிடுகிறதல்லவா? ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. ஓடாமல் நிற்கும் காரின் டயரும் இப்படி மூப்படையும். பக்கச்சுவரில் தயாரித்த நாளைக் காட்டும் நான்கு எண்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது.

நீங்களும் செய்து பாருங்கள்

வெர்னியர் இல்லாவிட்டால் ஒரு தீக்குச்சி போதும். வண்டி நிற்கும்போது, பெரியவர் ஒருவர் உடனிருக்க, பள்ளத்தில் மேடில்லாத இடத்தில் குச்சியை நிறுத்தி, பட்டனின் மேல்மட்டத்தில் நகத்தால் குறியிடுங்கள். பிறகு அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு விளிம்புகளும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரு விளிம்பு மட்டும் என்றால் சக்கரங்களின் நேர்ப்பாட்டைச் சரிபார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை அளந்து நாளுடன் குறித்து வையுங்கள். நண்பரின் மகளிடம் இப்போது அப்படியொரு நோட்டு இருக்கிறது. அடுத்த டயரை எந்த மாதம் மாற்ற வேண்டும் என்பதை அவளே தந்தைக்கு முன்கூட்டிச் சொல்கிறாள். அதற்கேற்ப அவரும் பணம் சேர்த்து வருகிறார்.