சைக்கிளின் இருவகைப் பிரேக்குகள்

ஓடும் சைக்கிளை நிறுத்துவது உராய்வு. உராய்வு உள்ள இடத்தில் ஏதேனும் ஒன்று தேய்ந்தே தீரும். தேய்வது எது, அதை மாற்ற எவ்வளவு செலவாகும் என்பதில்தான் ரிம் பிரேக்கும் டிஸ்க் பிரேக்கும் வேறுபடுகின்றன.

மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டனார் ஓட்டிய ராலே போன்ற கனத்த சைக்கிள்களில், இரும்புக் கோல்கள் இழுக்க, ரப்பர்க் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்தும். பின்னர் வந்தவற்றில் கேபிள் இழுக்க, கட்டைகள் ரிம்மை இருபுறமும் கவ்வும். இரண்டும் ரிம் பிரேக்குகளே. கட்டையின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். அதிலுள்ள பள்ளக்கோடுகள் மறைந்தால் மாற்றிவிடலாம். ஒரு ஸ்பேனர் போதும்.

ஆனால், ரந்தாவ் போன்ற இடங்களில் மழைக்காலத்துச் செம்மண் சாலையை மறந்துவிடக் கூடாது. சேற்றிலுள்ள மணல் கட்டையில் பதிந்து, பிரேக் பிடிக்குந்தோறும் அலுமினிய ரிம்மை அரம்போல் அராவுகிறது. ரிம்மின் சுவர் மெலிந்துவிட்டால், டயரின் காற்றழுத்தமே அதைப் பிளந்துவிடக்கூடும். கட்டைக்குச் சில வெள்ளிகள்; ரிம் போனால் சக்கரத்தையே புதிதாகக் கட்டவேண்டும். பளபளக்கும் எஃகு ரிம் அவ்வளவாகத் தேயாது. நனைந்தாலோ சரியாகப் பிடிக்காது.

டிஸ்க் பிரேக்கில் தேய்வது சக்கரத்தின் நடுவிலுள்ள எஃகுத் தட்டும் அதைக் கவ்வும் சிறு பட்டைகளுமே, ரிம் தப்பித்துக்கொள்கிறது. தட்டு சேற்றிலிருந்து சற்று உயரத்தில் இருப்பதால் மழையிலும் நன்றாகப் பிடிக்கும். ஜப்பானின் சிமானோ நிறுவனம், 1.8 மில்லிமீட்டர் கனமுள்ள தன் தட்டு 1.5 மில்லிமீட்டராகக் குறைந்ததும் மாற்றச் சொல்கிறது. பட்டையின் தேயும் பகுதி 0.5 மில்லிமீட்டராகக் குறைந்தால் அதையும் மாற்றவேண்டும். பட்டைகள் உள்ளே மறைந்திருப்பதால், குனிந்து பார்ப்பவருக்கே இது தெரியும்.

இதற்குப் பெரும்பகை எண்ணெய். சங்கிலிக்கு விடும் எண்ணெய் ஒரு துளி பட்டாலும் பட்டை கெட்டுவிடும். செம்பனைப் பழம் பொறுக்கிய கையால் தட்டைத் தொடலாகாது. இறக்கத்தில் இறங்கியவுடன் தொட்டால் விரல் சுடும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையில் காற்றுப் புகுந்தால் கடைக்காரரைத்தான் நாடவேண்டும். கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக்கை வீட்டிலேயே முடுக்கலாம்; தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து.

2017-இல் கெய்ரின் பந்தயத்தில் உலக வெற்றியாளரான நம் நாட்டு அசிசுல்ஹஸ்னி அவாங்கின் பந்தயச் சைக்கிளில் பிரேக்கே கிடையாது! அவர் ஓடும் தளத்தில் லாரி வருவதில்லை.

நம் சாலையில் வரும். ஆகவே, புறப்படுமுன் முன்பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பின்பிரேக்கையும் அவ்வாறே பாருங்கள். பிரேக்கின் பிடி ஹேண்டில்பாரைத் தொடுமளவுக்குத் தளர்ந்திருந்தால், அன்று சைக்கிளை வீட்டில் விட்டு நடந்தே பள்ளிக்கு வாருங்கள்.