கானா நாட்டுக் கூழ்

மேலை ஆப்பிரிக்காவின் கடற்கரையில் அமைந்த நாடு கானா. 1957-இல் விடுதலை பெறுவதற்கு முன் அஃது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் அங்குப் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார், 1933-இல் குழந்தைநோய் ஒன்றைப் பற்றி எழுதினார். அந்நோய் கண்ட குழந்தையின் கால்கள் வீங்கும், தோல் உரியும், தலைமயிர் நிறம் மங்கும். கா மொழி பேசும் அந்நாட்டு மக்கள் அதனைக் ‘குவாஷியோர்க்கர்’ என்றனர். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்ததைப் பற்றும் நோய் என்பது அதன் பொருள். மருத்துவர் தேடிய காரணத்தில் பாதியைத் தாய்மாரின் சொல்லே கூறிவிட்டதன்றோ? தாய்ப்பால் நின்ற குழந்தைக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கூழே.

அக்கூழுக்குக் ‘கோகோ’ என்று பெயர். இனிப்புப் பண்டங்களில் சேரும் கோகோ வேறு, இது வேறு. மக்காச்சோளத்தை ஊறவைத்து அரைத்து, மாவைப் புளிக்கவிட்டுக் காய்ச்சுவர். எளிதில் விழுங்கலாம், விலையும் குறைவு. ஆயினும் வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு. நம் உடலின் புரதங்கள் அமினோ அமிலங்கள் இருபதால் ஆனவை. அவற்றுள் சிலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ளாது, உணவிலிருந்தே பெறவேண்டும். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் ‘க’ என்னும் ஓரெழுத்துத் தீர்ந்துபோனால், மற்றவை குவிந்து கிடந்தாலும் பக்கம் முடியாது. மக்காச்சோளத்தில் அவ்வாறு குறைந்து நிற்கும் எழுத்து, லைசின் என்னும் அமினோ அமிலமாகும்.

லைசினை மிகுதியாக ஆக்கும் வழியை ஜப்பானியர் அறிந்திருந்தனர். ஒருவகை நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமினோ அமிலத்தை வெளியிடுவதை அவர்களுடைய ஆய்வாளர்கள் 1950-களில் கண்டறிந்தனர். மாவைப் புளிக்கவைப்பதும் நுண்ணுயிர்களின் தொழிலே. கானாவின் பானையில் நடப்பதற்கும் ஜப்பானிய ஆலையில் நடப்பதற்கும் உறவு உண்டு.

1909-இல் தொடங்கிய அஜினோமோட்டோ என்னும் ஜப்பானிய நிறுவனம், தன் நூறாம் ஆண்டாகிய 2009-இல் கானா பல்கலைக்கழகத்துடன் கூடி இக்குறையை நீக்க முற்பட்டது. கூழைக் கைவிடுமாறு அவர்கள் தாய்மாரிடம் கூறவில்லை. அவ்வாறு கூறியிருப்பின் யார் கேட்டிருப்பர்? சோயா மாவுடன் சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாதுப்பொருள்கள், லைசின் ஆகியவற்றைச் சேர்த்து ‘கோகோ பிளஸ்’ என்னும் பொடியை ஆக்கினர். 15 கிராம் கொண்ட ஒரு சிறு பையைக் காய்ச்சிய கூழில் கலந்து குழந்தைக்கு ஊட்டினால் போதும். பானையும் அதுவே, அடுப்பும் அதுவே. பொடியும் கானாவிலேயே ஆக்கப்பட்டது. 2017-இல் இப்பணியை அஜினோமோட்டோ அறக்கட்டளை ஏற்றது.

பொடி ஆக்கியதை விட அதனை வீடுகளில் சேர்ப்பதே கடினம். வீங்கிய காலைத் தாய் காண்பாள். மெல்லக் குன்றும் வளர்ச்சியைக் காணமாட்டாள். ஓடியாடும் குழந்தைக்கு நாள்தோறும் காசு கொடுத்துப் பொடி வாங்குவானேன் என்று அவள் எண்ணுவது இயல்பு. இரண்டு வயதிற்குள் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுதும் மீட்பதோ அரிது. ஆதலின் நலவாழ்வுப் பணியாளர் குழந்தையின் உயரத்தை அளந்து காட்டித் தாய்க்கு விளக்க வேண்டியதாயிற்று. வடபகுதிச் சிற்றூர்களில் அவ்வூர்ப் பெண்களே சிறு பைகளைச் சுமந்து வீடுதோறும் சென்று விற்றனர்.