ஒரு பிஸ்கெட்டின் விலை ஒரு லட்சம்!

குட்டீஸ், கரும்பு அரவைக் காலத்தில் கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புப் பக்கம் போயிருக்கிறீர்களா? நெய்வேலியிலிருந்து பக்கம்தான். வெள்ளாற்றங்கரை ஊர். அங்கே எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. மலைபோல் கரும்பை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் ஆடி ஆடி வரும். பின்னால் ஓடிப்போய் ஒரு கழி உருவலாமா என்று கை பரபரக்கும்!

கரும்பு வண்டியை முதலில் எடைமேடையில் நிறுத்துவார்கள். அப்புறம் கரும்பை இறக்கிவிட்டு, வெறும் வண்டியை எடை போடுவார்கள். முதல் எடையிலிருந்து இரண்டாவது எடையைக் கழித்தால் கரும்பின் எடை. விவசாயி ரசீதை வாங்கி, ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் மடித்துப் பையில் வைப்பார். பின்னே? ஒரு வருஷ உழைப்பாயிற்றே!

அதே ஊர் பஸ் ஸ்டாண்டில் நாம் ஒரு பிஸ்கெட் பாக்கெட் வாங்குகிறோம். எடை பார்க்கிறோமா? பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிக்கிறோமா? பிரித்து வாயில் போட்டு, உறையைக் கசக்கி எறிந்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம்.

அப்படி எறியாத ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

16 எங்கே? 15 எங்கே?

2021 டிசம்பர். சென்னை மணலியில் ஒருவர், தெருவில் திரியும் பிராணிகளுக்குப் போடுவதற்காக ஒரு கடையில் பிஸ்கெட் பாக்கெட்டுகள் வாங்கினார். ஐ.டி.சி. நிறுவனத்தின் 'சன்ஃபீஸ்ட் மேரி லைட்' பிஸ்கெட். உறையில் '16 பிஸ்கெட்' என்று அச்சிட்டிருந்தது. பிரித்து எண்ணினால் 15 தான் இருந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "சரி, போகட்டும். ஒரு பிஸ்கெட்தானே" என்று விட்டிருப்போம். சாப்பிடப் போவதும் நாமில்லையே! அவர் விடவில்லை. கடைக்காரரைக் கேட்டார். நிறுவனத்தைக் கேட்டார். சரியான பதில் வரவில்லை. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போட்டார்.

நிறுவனம் சொன்ன பதில் சுவாரசியமானது. "நாங்கள் பிஸ்கெட்டை எண்ணி விற்பதில்லை. எடை பார்த்து விற்கிறோம். பாக்கெட்டின் எடை 76 கிராம்" என்றது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? சரி, எடையைப் பார்த்துவிடலாம் என்று 15 பிஸ்கெட் இருந்த பாக்கெட்டுகளை எடை போட்டார்கள். 74 கிராம்தான் வந்தது!

நிறுவனம் அசரவில்லை. பாக்கெட் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளைக் காட்டியது. இயந்திரம் அடைக்கும்போது கொஞ்சம் கூடக் குறைய ஆகலாம் என்று அந்த விதிகள் ஒரு சலுகை தந்திருக்கின்றன. இந்த அளவு பாக்கெட்டுக்கு 4.5 கிராம் வரை வித்தியாசம் இருக்கலாம். எங்களுடையது 2 கிராம்தானே என்று வாதாடியது.

ஆணையம் ஒத்துக்கொள்ளவில்லை. காற்றில் ஆவியாகிக் குறையக்கூடிய பொருட்களுக்குத்தான் அந்தச் சலுகை. பிஸ்கெட் என்ன கற்பூரமா கரைந்து போக, என்பது போலக் கேட்டது. (கற்பூரம் என் சேர்க்கை! தீர்ப்பில் தேடாதீர்கள்.) அதைவிட முக்கியமாக, உறையில் 16 என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தானே மக்கள் வாங்குகிறார்கள்? எழுதியதைக் கொடுக்க வேண்டாமா?

2023-ல் தீர்ப்பு வந்தது. நியாயமற்ற வணிகம் நடந்திருக்கிறது, இழப்பீடாக 1 லட்சம் ரூபாயும் வழக்குச் செலவுக்கு 10 ஆயிரம் ரூபாயும் கொடுக்க வேண்டும், அந்தத் தொகுப்பில் தயாரான பிஸ்கெட்டுகளின் விற்பனையை நிறுத்த வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது.

ஒரு பிஸ்கெட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு லட்சம் பாக்கெட்டுகளில் ஒவ்வொன்று குறைந்தால், ஒரு லட்சம் பிஸ்கெட். அதை 16, 16-ஆகக் கட்டினால் 6,250 பாக்கெட்! வாங்கியவர் யாருக்கும் ஒரு ரூபாய்க்கு மேல் நஷ்டமில்லை. அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கேட்பதற்கு ஒரு சட்டம்

முன்பெல்லாம் இப்படி ஏமாந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். வக்கீல், கட்டணம், வாய்தா என்று வருஷக்கணக்கில் இழுக்கும். ஒரு ரூபாய்ப் பிஸ்கெட்டுக்கு யார் போவார்கள்? இதற்காகவே 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதனால்தான் டிசம்பர் 24-ஐ தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். பழைய சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

'நுகர்வோர்' என்றால் பெரியவர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். காசு கொடுத்து மிட்டாய் வாங்கினால் நீங்களும் நுகர்வோர்தான். 18 வயது ஆகவில்லையே என்றால், உங்களுக்காக அப்பா, அம்மா அல்லது பாதுகாவலர் புகார் கொடுக்கலாம் என்று புதுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

சரியான அளவு வேண்டும் என்ற கவலை இன்று நேற்று வந்ததல்ல. சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் தஞ்சாவூர். அங்கே ராஜராஜ சோழன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட கல்லால் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

இன்றைக்குக் கடைகளில் இருக்கும் எடைக்கல்லுக்குப் பெயர் கிடையாது, முத்திரை உண்டு. இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு குழி, அதில் ஈயம் அடைத்து முத்திரை குத்தியிருக்கும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள் சோதித்துப் போடும் முத்திரை அது. மின்னணுத் தராசு என்றால் பொருளை வைப்பதற்கு முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தீபாவளிக்கு ஸ்வீட் வாங்கும்போது அட்டைப் பெட்டியையும் சேர்த்து எடை போடுகிறார்களா என்று கவனியுங்கள். மைசூர்பாகு விலையில் அட்டை வாங்கி என்ன செய்வது?

உறையில் என்ன எழுதியிருக்கிறது?

பாக்கெட் பொருள் என்றால் யார் தயாரித்தது, நிகர எடை எவ்வளவு, எந்த மாதம் எந்த வருடம் தயாரானது, எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச விலை எவ்வளவு, குறை சொல்ல யாரைத் தொடர்பு கொள்வது என்பதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். சாப்பிடும் பொருளாக இருந்தால் இன்னும் சில உண்டு. பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சேர்மானங்களின் பட்டியல். பொடி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி தேவைப்பட்டாலும் படித்துவிடுங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. உறையில் பெரிய மாம்பழம் சிரிக்கும். திருப்பிப் பார்த்தால் தண்ணீர் முதலில், சர்க்கரை அடுத்ததாக இருக்கலாம்! பழம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். அடர்த்தியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் பானங்களில் '100 சதவீதம் பழச்சாறு' என்று போடக்கூடாது என்று 2024 ஜூன் மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

'அதிகபட்ச விலை' என்பதையும் கவனியுங்கள். அதற்குக் குறைவாக விற்கலாம். ஒரு பைசா கூட்டி விற்கக்கூடாது. வெயிலில் தாகத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கி, கடையில் குளிர்பானம் கேட்கிறோம்.

"இருபத்திரண்டு ரூபா குடு தம்பி."

"பாட்டில்ல இருபதுன்னு போட்டிருக்கே அண்ணா?"

"கூலிங் வேணாமா? கரண்டு பில்லு யாரு கட்டுறது?"

அந்த 'கூலிங் சார்ஜ்' வாங்குவது தவறு. ஆனால் ஒரு வேடிக்கை! அதே பாட்டிலை ஓட்டலில் உட்காரவைத்துப் பரிமாறினால் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே பொருளை மட்டும் விற்கவில்லை, உபசாரமும் சேர்ந்திருக்கிறது என்பது காரணம். ஆக, பஸ் ஸ்டாண்ட் கடைக்காரரிடம் நீங்கள் கேட்கலாம்; ஓட்டலில் மெனு கார்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் சட்டம் துணை வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து ரூபாய் பிஸ்கெட் ஐந்து ரூபாயாகவே இருக்கும்; பாக்கெட் மட்டும் மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டே போகும். குறைந்த எடையை உறையில் சரியாக அச்சிட்டிருந்தால் அது குற்றமில்லை. சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதும் அப்படித்தான். சிப்ஸ் நொறுங்காமலும் நமத்துப் போகாமலும் இருக்க உள்ளே நைட்ரஜன் வாயு அடைக்கிறார்கள். பாக்கெட்டின் தொப்பையைப் பார்த்து வாங்கினால் நமக்குத்தான் நஷ்டம். கிராமைப் பாருங்கள்!

விளம்பரங்களுக்கும் கடிவாளம் உண்டு. 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகள் வெளியிட்டது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளின் நடுவே சிப்ஸ், குளிர்பானம் போன்ற நொறுக்குத் தீனி விளம்பரம் கூடாது என்று அதில் இருக்கிறது. "உள்ளே பரிசு இருக்கிறது" என்று ஆசை காட்டி, தேவையில்லாததைக் குழந்தைகளை வாங்க வைப்பதையும் ஊக்குவிக்கக்கூடாதாம். பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை!

கடலூருக்கு ஒரு புகார்

சரி, சேத்தியாத்தோப்பில் இருக்கும் ஒரு பையன் ஏமாந்துபோனால் என்ன வழி? முதலில் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும். பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்; பல கடைக்காரர்களுக்கே விதி தெரியாது. தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வீட்டுப் பெரியவர்கள் பேசலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பெங்களூரிலிருந்து தபாலில் வந்த பொருளாக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் செய்த பெரிய உபகாரம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் கூடுதலாக ஆகும். பிஸ்கெட் வழக்கும் அப்படித்தான். வாங்கியது 2021-ல், தீர்ப்பு 2023-ல்.

உங்கள் பள்ளியில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு காலி உறையைக் கொண்டுபோய், யாருடையதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று தேடிப் பாருங்களேன்.

ஆனால் ஒன்று. பில் கேட்டு வாங்க வேண்டும். பொருளில் குறை என்று தெரிந்ததும் உறையைக் கசக்கி எறிந்துவிடக்கூடாது. மணலிக்காரரின் வழக்கில் பிஸ்கெட்டுக்கு வாய் இல்லை. '16' என்று அச்சிட்ட அந்த உறைதான் அவருக்காகப் பேசியது.